வறுத்த மண்

மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மனிதர்கள் அதுவரை காலை வைத்துப் பார்த்தார்கள். கால் புதைந்தால் ஈரம் அதிகம், சுட்டால் ஈரம் இல்லை. இந்த முறையில் நிரப்புவதற்குப் படிவம் எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மலாயாவில், மம்பாவ் என்ற ஊரில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுவிட்டு ஓடிய பங்களாவில், மண் ஈர ஆசிரியர் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது.

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. நமக்கெல்லாம் அது 1943. நிலையத்துக் காகிதங்களில் ஜப்பான் கணக்குப்படி 2603. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் காலை ஏழு மணிக்குக் கும்மிருட்டாக இருந்தது. அரிசி கண்ணில் படுவதில்லை. ரப்பரை ஏற்றிப் போகக் கப்பல் இல்லாததால் தோட்டங்களில் பாதி மரங்களைத்தான் பாலுக்காகப் பட்டை சீவி வெட்டினார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் எங்கு பார்த்தாலும் மரவள்ளிதான். கிழங்கு விளைய மண்ணில் ஈரம் வேண்டும், ஈரத்தை அளக்க வேண்டும், அளப்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து கற்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வாத்தியார்கள் கற்க வேண்டும், வாத்தியார்களுக்கு ஒரு நிலையம் வேண்டும், நிலையத்துக்கு ஒரு தலைவர் வேண்டும். இவற்றில் தலைவர் முதலில் வந்துவிட்டார். மற்றதெல்லாம் அவரைப் பின்தொடர்ந்து வந்தது.

ரெம்பாவுக்குப் பக்கத்தில் புக்கிட் செம்பாக்கா தோட்டத்தின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், உதவியாசிரியர், மணி அடிப்பவர் எல்லாம் அமிர்தலிங்கம் என்ற ஒரே ஆள். வயது முப்பத்தைந்து. கண்டதைக் கண்டபடி சொல்கிற பழக்கம் அவருக்கு உண்டு. சாதாரணக் காலத்தில் அது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு வரும்படி உத்தரவு வந்தபோது, பால்மரம் வெட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அவர் மனைவி மயிலம்மாள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"மண்ணு ஈரமாங்கறதப் படிக்க மம்பாவுக்கா போறீங்க? குனிஞ்சி தொட்டா தெரியுது."

"படிச்சி முடிச்சா கைப்பட்டி தருவாங்களாம். பட்டி கட்டியிருந்தா ரோட்டுல புடிக்க மாட்டாங்களாம்."

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. சந்தையில் நின்றவனை, கடைக்குப் போனவனை, லாரியை நிறுத்தி ஏற்றினார்கள். போனவர்கள் ஒருவரும் கடிதம் போடவில்லை. மயிலம்மாள் அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையை அன்றைக்கே துவைத்துக் காயப்போட்டாள்.

பயிற்சிக்கு இருபத்து நான்கு வாத்தியார்கள் வந்திருந்தார்கள். ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே திரும்பிக் குனிந்து வணங்கியதும் தலைவர் மேடை ஏறினார். அவர் ஜப்பானிய மொழியில் பேசப் பேச, முன்பு நில அளவை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் மகாலிங்கம், கையைக் கட்டிக்கொண்டு மேடைத் தமிழில் பெயர்த்தார்.

"இந்த நிலையத்தில் புத்தகம் கிடையாது. கையால் செய்து கற்பதே நமது வழி. புத்தகம் படித்தவர்கள் தோற்று ஓடிப்போனார்கள். கையால் செய்வது எப்படி என்பதைப் பற்றி இன்றிலிருந்து எட்டு நாட்களுக்கு நான் உரையாற்றுவேன். யாரும் கையை அசைக்கக் கூடாது."

எட்டு நாளும் அப்படியே நடந்தது. மாலையில் செய்முறை வகுப்பு. வாத்தியார்கள் வரிசையில் நின்று ஐந்துவரை எண்ண வேண்டும். ஒன்றுக்குக் குனிவது, இரண்டுக்கு மண் எடுப்பது, மூன்றுக்குக் கையை மூடிப் பிடிப்பது, நான்குக்குச் சிந்திப்பது, ஐந்துக்கு ஈரத்தின் அளவைச் சொல்வது. எண்ணுவதை ஜப்பானிய மொழியில் எண்ண வேண்டும். மண் மட்டும் கிடையாது. நிலையத்தில் இருந்த மண் பன்னிரண்டு கண்ணாடிச் சீசாக்களில் முத்திரையிட்டு, சியோனான் என்று பெயர் மாறிய சிங்கப்பூருக்கு அனுப்ப வைத்திருந்த மண். தோட்டத்தில் கிடந்த மண்ணோ பதிவு செய்யப்படாத மண். அதைத் தொடக் கூடாது. ஆகவே இருபத்து நான்கு வாத்தியார்களும் வெறுங்கையை இறுக்கிப் பிடித்து, நான்காவது எண்ணிக்கையில் சிந்தித்தார்கள்.

மூன்றாம் நாள், பகாவிலிருந்து வந்த ராமசாமி என்ற வாத்தியார், மண் எப்போது தருவார்கள் என்று கேட்டார். அவரை வெயிலில் நிறுத்தி, மூடிய கையை மதியம்வரை திறக்காமல் பிடித்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் ராமசாமி கையைத் திறந்தபோது அது வேர்வையில் நனைந்திருந்தது. கவனத்தோடு கற்றால் மண் இல்லாமலே ஈரம் கிடைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி என்று தலைவர் அன்றைய உரையில் குறிப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் ஒரு பிடி மண் வந்தது. அதை முதல் ஆள் பிடித்துப் பார்த்து ஈரத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எல்லோரும் நூற்றுக்கு இருபத்தைந்து என்றார்கள். அமிர்தலிங்கம் வரிசையின் கடைசியில் நின்றார். இருபத்து மூன்று உள்ளங்கைகளைத் தாண்டி அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு சிட்டிகைப் புழுதி.

"மண்ணு காஞ்சி போச்சி தொவான். வேர்வதான் இருக்கு," என்றார், துரைகளைக் கூப்பிடும் மலாய்ச் சொல்லால்.

மகாலிங்கம் தலைவரிடம் திரும்பிச் சுருக்கமாக ஏதோ சொன்னார். தலைவர் திருப்தியோடு தலையசைத்தார். சாப்பாட்டு நேரத்தில் மகாலிங்கம் அமிர்தலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீர் இருபத்தைஞ்சு சொன்னதாத்தான் நான் சொன்னனான். இஞ்ச எல்லா மண்ணும் இருபத்தைஞ்சு, மாஸ்டர். திறப்பு விழாவில தலைவர் வாயில வந்த எண். அதுக்குப் பிறகு அது மாறேல்லை."

"அப்ப எதுக்குய்யா அளக்கணும்?"

"அளக்கச் சொல்லி ஆர் சொன்னது? அளக்கப் படிப்பிக்கத்தான் சொன்னவை."

பன்னிரண்டாம் நாள் எல்லோருக்கும் ஒரு கைப்பட்டி கிடைத்தது. வெள்ளைத் துணியில் நீலமாக ஒரு நீர்த்துளி. கூடவே மாதம் ஒரு முறை நிரப்பி அனுப்பப் படிவங்கள். மற்ற இருபத்து மூன்று வாத்தியார்களும் ஊருக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, வருஷக் கடைசிவரைக்கும் இருபத்தைந்து என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். அமிர்தலிங்கம் அளந்தார். இந்தக் கதையில் வரும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

முறை சுலபமானதுதான். மண்ணை நிறுத்து, காயவைத்து, திரும்ப நிறுக்க வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். தோட்டத்தில் நல்ல தராசு இருந்த இடம் பால் ஸ்டோர்; மரம் வெட்டுகிறவர்கள் ரப்பர் பாலைக் கொண்டுவந்து, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் நிறுத்துக் கொடுக்கும் இடம். காயவைக்க, ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடம் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் அமிர்தலிங்கம் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில ஒவ்வொருத்தரும் உங்க வூட்டுக் கெழங்குப் பாத்தியிலேருந்து ஒரு பிடி மண்ணு எடுத்து, வாழ எலயில கட்டி ஸ்டோருக்குக் கொண்டாங்க. அதுல எவ்வளவு தண்ணி இருக்குன்னு கிராணி நிறுத்துப் பாப்பாரு."

இதைச் சொல்லிவிட்டு, படிவத்துக்கு முத்திரை வாங்க அவர் ரெம்பாவுக்குப் போய்விட்டார்.

பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று கிராணி நிறுத்துப் பார்க்கிற தராசை அந்தத் தோட்டம் நாற்பது வருஷமாக அறியும். எடை கூடுவதற்காக வாளியில் தண்ணீர் கலப்பவர்கள் உண்டு. கிராணி கண்டுபிடித்தால் அன்றைய பெயரைக் கூலிப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார், வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் நாலு தலைமுறையை இழுத்துத் திட்டுவார். தண்ணி கலந்தவன் என்று பெயர் எடுத்தால் கல்யாணப் பேச்சுவரைக்கும் அது கூடவே வரும். இப்போது அதே கிராணி, அதே தராசு, அதே தண்ணீர். பிள்ளைகள் கொண்டுவந்த செய்தி லயத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் எல்லோரும் தங்கள் பாத்தி மண்ணைப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள்.

முதலில் செயல்பட்டவள் மயிலம்மாள்.

"மழ பேஞ்சி மண்ணெல்லாம் சொதசொதன்னு கெடக்கு. வாத்தியாரு வூட்டு மண்ணுல தண்ணி இருந்துச்சின்னு கிராணி வாயில வரக் கூடாதுலா," என்று அடுத்த வீட்டு வள்ளியம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுப்பில் சட்டியை வைத்து மண்ணை வறுத்தாள். அந்த மாதம் பேறுகாலம் ஆகவேண்டிய வள்ளியம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வறுத்தாள். அவள் புருஷன் சன்னாசி விறகு தள்ளினான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அறுபத்திரண்டு வீட்டிலும் மண் வறுபட்டுக்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் ரெம்பாவிலிருந்து திரும்பியபோது லயம் முழுக்க ஒரு வாசனை. பசிக்கு யாரோ எதையோ வறுக்கிறார்கள், என்ன என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்து அவர் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் நல்ல மழை. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்பாத வீட்டுப் பொட்டலமும் சேர்த்து அறுபத்திரண்டு பொட்டலங்களும் பிள்ளைகளின் சட்டைக்குள் நனையாமல் வந்து சேர்ந்தன. அமிர்தலிங்கம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்க, கிராணி நிறுத்தார். பகல் முழுக்கப் புகைக்கூடத்தில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப நிறுத்தார். ஒரு பொட்டலமும் எடை குறையவில்லை. மூன்று பொட்டலங்கள் கொஞ்சம் கூடியிருந்தன. கிராணி பால் கணக்கு எழுதும் வழக்கப்படி அங்கேயே மூன்று பிரதியில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்து வைத்து, காத்துக்கொண்டிருந்த நிலையத்து லாரியில் கொடுத்தனுப்பிவிட்டார். வழியில் காகிதம் நனைந்து மையெல்லாம் கரைந்தது. பூஜ்யம் மட்டும் பெரிய எழுத்தில் இருந்ததால் தப்பித்தது.

வீட்டுக்கு வந்த அமிர்தலிங்கத்திடம் மயிலம்மாள் ஆவலாகக் கேட்டாள்.

"நம்ம மண்ணுல ஒரு சொட்டு இல்லல்ல?"

"என்னா செஞ்ச மயிலு?"

"மூணு வாட்டி வறுத்தேங்க."

அவர் கோபிக்கவில்லை. சிரிப்புக்கூட வந்தது. அடுத்த மாதம் சரியாக அளந்து அனுப்பினால் போகிறது என்று நினைத்தார்.

அடுத்த மாதம்வரை நிலையம் பொறுக்கவில்லை. ஒரே வாரத்தில் மகாலிங்கம் லாரியில் வந்து இறங்கினார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு உத்தரவைப் படித்தார்.

"புக்கிட் செம்பாக்கா தோட்டம் ஈரமற்ற பிரதேசம் என்று விஞ்ஞான முறைப்படி நிரூபிக்கப்பட்டுள்ளது. ஈரமற்ற பிரதேசத்தில் பயிர் விளையாது. பயிர் விளையாத இடத்தில் மனிதர்கள் உபரி. ஆகவே முப்பது ஆண்கள் இம்மாத இறுதியில் சயாமுக்கு அனுப்பப்படுவார்கள்."

பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் சன்னாசி. காலடியில் ஓடுகிற தண்ணீரை ஒரு முறை பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"ஐயா, நாங்க நிக்கறது தண்ணியிலதானய்யா?"

"அது எனக்கும் தெரியுது தம்பி," என்றார் மகாலிங்கம். "ஆனா படிவத்தில தெரியேல்லை."

லாரி போனதும் சன்னாசி நேராக வாத்தியார் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"வள்ளியம்மாவுக்கு இந்த மாசந்தான் வாத்தியாரே. நல்லதுன்னு நெனச்சித்தான வறுத்தோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றான். மயிலம்மாள் அன்று அடுப்பு மூட்டவில்லை. முப்பது வீட்டு ஆம்பளைகளைத் தன் சட்டியில் போட்டு வறுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் சட்டியை எடுத்துக் கொல்லையில் எறிந்தாள். அமிர்தலிங்கம் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மம்பாவுக்கு நடந்தார்.

வழியெல்லாம் மழை. தலைவர் முன்னால் போய் நின்றபோது அவருடைய சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்து பலகைத் தரையில் ஓடியது. தலைவர் அந்தத் தண்ணீரை ஆராய்ந்தார். பிறகு பேசினார், மகாலிங்கம் பெயர்த்தார்.

"உன் தோட்டத்தில் ஈரம் பூஜ்யம். நீயோ நனைந்திருக்கிறாய். ஆகவே நீ வேறு ஏதோ தோட்டத்தில் நனைந்திருக்கிறாய்."

"அளந்தது தப்பாப் போச்சி தொவான். சனங்க மண்ண வறுத்துட்டாங்க."

மகாலிங்கம் இதைப் பெயர்க்கவில்லை. முகத்தை மாற்றாமல் தாழ்ந்த குரலில் அமிர்தலிங்கத்திடம் பேசினார்.

"இதைச் சொன்னா, பயிற்சி எடுத்த வாத்தியார் வறுத்த மண்ணை அளந்தவர் எண்டு வரும். உமக்குப் பயிற்சி குடுத்தது ஆர் எண்டு வரும். அது இந்தக் கதிரையில இருக்கிற மனுசன். சொல்லட்டோ?"

"சொல்லலன்னா முப்பது பேரு போயிருவாங்களேய்யா."

"பொறும்."

மகாலிங்கம் தலைவர் பக்கம் திரும்பி நீண்ட நேரம் பேசினார். அதில் பயிற்சி என்ற சொல் மட்டும் பலமுறை வந்தது அமிர்தலிங்கத்துக்குப் புரிந்தது; பன்னிரண்டு நாளில் எண்களைத் தவிர அவர் உருப்படியாகக் கற்ற ஜப்பானியச் சொல் அது ஒன்றுதான். தலைவர் மெதுவாக எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் உரை என்று அர்த்தம்.

"நல்லது. நிலையத்தின் பயிற்சியால் ஈரமற்ற மண்ணையும் ஈரமாக்க முடியும் என்று காட்ட உனக்குப் பத்து நாள் தருகிறேன். ஈரம் முப்பதுக்கு மேல் போனால் பட்டியலைக் கிழிப்பேன். போகாவிட்டால் மண்ணுக்கு ஒழுக்கம் இல்லை என்று எழுதுவேன். பயிற்சியில் குறை இருக்க முடியாது. அதை நானே நடத்தினேன்."

இப்படித்தான் புக்கிட் செம்பாக்காவில் ஈர உயர்வு இயக்கம் தொடங்கியது. சித்திரை மாதத்து மழை கொட்டிக்கொண்டிருக்க, நாற்பத்தொரு பிள்ளைகள் பால் வாளிகளில் தண்ணீர் சுமந்து மரவள்ளிப் பாத்தியில் ஊற்றினார்கள். எண்ணிக்கொண்டே ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு. பாத்தியில் ஊற்றிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கிணற்றடிக்கே திரும்பி வந்ததால் தூரம் நடக்கிற வேலை மிச்சமாயிற்று.

ஆறாம் நாள் தலைவர் பார்வையிட வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு பேர் குடை பிடிக்க, பாத்தியின் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு வானத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்த மழை நிலையத்தின் திட்டத்தில் இல்லை. ஈரம் உயர்ந்தால் பயிற்சியால் உயர்ந்ததா, மழையால் உயர்ந்ததா என்று பொறாமைக்காரர்கள் கேட்பார்கள். மழையை அகற்றுங்கள்."

மழையை அகற்ற முடியாததால் பாத்திக்கு மேல் அத்தாப்பு ஓலையில் கூரை போட்டார்கள். கூரை போட ஒரு நாள் போயிற்று. கூரைக்கு வெளியே தோட்டம் முழுக்க வெள்ளம். கூரைக்கு உள்ளே மட்டும் மண் மெல்லக் காய ஆரம்பித்தது. பிள்ளைகள் கூரையிலிருந்து வழிகிற தண்ணீரை வாளியில் பிடித்து, உள்ளே கொண்டுபோய் ஊற்றினார்கள். விஞ்ஞானம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தலைவர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வரிசைக் கிழங்கு அழுகிப்போனது. அதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஏழாம் நாள் சன்னாசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து திரும்பவும் வாளியைத் தூக்கினான்.

பத்தாம் நாள் தராசு தலைவர் முன்னிலையில் கட்டப்பட்டது. அமிர்தலிங்கமே மண்ணை எடுத்தார், அவரே நிறுத்தார். மண்ணைப் புகைக்கூடத்தில் வைத்த பிறகு அதன் வாசலில் மயிலம்மாள் போய் உட்கார்ந்துகொண்டாள். கிராணி வந்தாலும் உள்ளே விடவில்லை.

"ஒருத்தரும் நல்லது செய்யறேன்னு உள்ள போவக் கூடாது," என்றாள்.

சாயங்காலம் எடை பார்த்தபோது ஈரம் முப்பத்தெட்டு. கிராணி இரண்டு முறை நிறுத்துப் பார்த்துவிட்டு உரக்கப் படித்தார். தலைவர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து இரண்டாகக் கிழித்து, இரண்டு துண்டையும் கோப்பில் சேர்க்கும்படி மகாலிங்கத்திடம் கொடுத்தார். மயிலம்மாளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. அவள் புகைக்கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதாள்.

தலைவர் தராசு மேடையில் ஏறி நின்றார்.

"பத்து நாளில் இந்த வாத்தியார் ஒரு தோட்டத்தின் ஈரத்தைப் பூஜ்யத்திலிருந்து முப்பத்தெட்டாக உயர்த்தியிருக்கிறார். மழை பெய்ததே என்று சிலர் சொல்வார்கள். மழை எல்லாத் தோட்டத்திலும்தான் பெய்தது. மற்ற இருபத்து மூன்று தோட்டங்களில் ஈரம் இருபத்தைந்திலிருந்து ஒரு புள்ளியாவது நகர்ந்ததா? நகரவில்லை. என் மேசையில் படிவங்கள் இருக்கின்றன. ஆகவே மழைக்கும் ஈரத்துக்கும் தொடர்பு இல்லை என்பதை நிலையம் கண்டுபிடித்திருக்கிறது. ஈரத்துக்குக் காரணம் பயிற்சி மட்டுமே."

கிராணி கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். முப்பது பேர் தப்பித்ததற்குத் தட்டுகிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"சயாமில் நமது ரயில் பாதை போகும் கரை மழையில் சரிகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. அங்கே உள்ளவர்களுக்குப் பயிற்சி இல்லை. மழையைக் குறை சொல்கிறார்கள். ஈரத்தை உயர்த்தத் தெரிந்தவருக்கு இறக்கவும் தெரியும். ஆகவே நமது நிலையத்தின் சிறந்த ஆசிரியரை நான் சயாமுக்கு அனுப்புகிறேன். உதவிக்கு முப்பது பேரை அவரே தேர்ந்தெடுக்கலாம். அந்த உரிமையை அவருக்கு வழங்குகிறேன்."

மகாலிங்கம் கடைசி வாக்கியங்களை மேடைத் தமிழில் சொல்லவில்லை. அமிர்தலிங்கத்தின் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு படிவத்தைத் தராசு மேசையில் விரித்தார். முதல் வரியில் வாத்தியாரின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. அதன் கீழே முப்பது வரி காலியாக இருந்தது.

அமிர்தலிங்கம் பேனாவை வாங்கினார். அவருக்குப் பயமாக இருந்தது. அவர் பயப்படாத ஆள் என்று யாரும் எங்கேயும் சொல்லிவிட வேண்டாம். எதிரே முப்பது பேரும் நின்றார்கள். சன்னாசி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, காலில் ஒட்டிய சேற்றை மற்றொரு காலால் தேய்த்துக்கொண்டிருந்தான். எழுத வேண்டிய பெயர்கள் எல்லாவற்றையும் அவர் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அப்பா பெயர் என்ற இடத்தில் பலமுறை எழுதியிருக்கிறார்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, தொவான்கிட்ட ஒண்ணு கேளுங்க. நெலையத்துல பயிற்சி எடுத்த ஒரு ஆளுக்கு ஒதவிக்கு முப்பது பேரு வேணும்னு காயிதத்துல போட்டா, மேல இருக்கறவுங்க என்னா நெனப்பாங்க? பயிற்சி அரகொறன்னு நெனைக்க மாட்டாங்களா?"

மகாலிங்கம் அவரை உற்றுப் பார்த்தார்.

"நீர் தனியப் போகப் போறீர். விளங்கித்தான் கதைக்கிறீரோ?"

"வெளங்குதுய்யா."

"இன்னொருக்கா யோசியும்."

"யோசிச்சா எழுதிப்புடுவேன். சீக்கிரம் சொல்லுங்க."

மகாலிங்கம் சொன்னார். ஒரு வருஷமாக அந்த மனிதர் எத்தனையோ உரைகளைப் பெயர்த்திருக்கிறார். இதற்கு எடுத்துக்கொண்டது போல எதற்கும் நேரம் எடுத்துக்கொண்டதில்லை. தலைவர் கேட்டுக்கொண்டே போனார். நெற்றி சுருங்கியது. ஸ்டோருக்கும் புகைக்கூடத்துக்கும் நடுவில் இரண்டு முறை நடந்தார். தன் பயிற்சிக்கு முப்பது பேர் உதவி என்று சியோனானில் யாரோ ஒரு தளபதி படித்துவிட்டுச் சிரிப்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். திரும்பி வந்து, கிராணியிடம் அளவுகோல் கேட்டு வாங்கி, முப்பது காலி வரிகளுக்கும் குறுக்கே ஒரே கோடாக நேராக இழுத்தார்.

"நிலையத்தில் பயின்ற ஒருவர் முப்பது பேருக்குச் சமம்," என்று அறிவித்தார். "இதை வாசல் பலகையில் எழுதுங்கள்."

அதிலிருந்து மூன்றாம் நாள் காலையில் லாரி வந்தது. வேலைக்குப் போக வேண்டிய ஆட்கள் எல்லோரும் வாளியோடும் கத்தியோடும் பாதையோரத்தில் நின்றார்கள். மயிலம்மாள் அவித்த கிழங்கைத் துணியில் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"நான் அந்த மண்ண வறுக்காம இருந்திருந்தா நீங்க போவ வேண்டியதில்ல."

"என் மானம் போயிறக் கூடாதுன்னுதான வறுத்த," என்றார் அமிர்தலிங்கம். "போ, மழயில நிக்காத."

அவர் ஏறி உட்கார்ந்தார். மயிலம்மாள் போகவில்லை. லாரியின் முன்பக்கம் போய், உள்ளே கோப்போடு உட்கார்ந்திருந்த மகாலிங்கத்தைக் கேட்டாள்.

"ஐயா, எப்பய்யா திருப்பி அனுப்புவாங்க?"

இந்த மாதிரிக் கேள்விக்குச் சொல்ல மகாலிங்கத்திடம் ஒரு வருஷத்துப் பதில்கள் இருந்தன. பணி முடிந்ததும், வெற்றி கிடைத்ததும், மேலிடம் தீர்மானித்ததும். அவர் கோப்பை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார்.

லாரி கிளம்பி ரெம்பாவ் பக்கம் திரும்பியது. சன்னாசி மட்டும் வாளியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் பின்னால் ஓடினான். பிறகு பெரட்டுக்கு மணி அடித்துவிட்டதால் திரும்பி வந்து வரிசையில் நின்றான்.